பரு ஆறிவிடும், கறை நின்றுவிடும்: கறுத்த தோலுக்குக் கெமிக்கல் பீல் ஏற்றதா?

வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் பதில்

முகப்பருவுக்குக் கெமிக்கல் பீல், அதாவது அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சை, செய்துகொள்வது குறித்து வந்த கடிதங்களை எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே மாநிறத்தவர்கள் அல்லது கறுப்பு நிறத்தவர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில், விவரம் அதிகமாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாமென்று பலரும் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு 23 வயது. நல்ல கறுப்பு நிறம். பரு ஆறிய இடமெல்லாம் கறுத்துப்போய், முகம் திட்டுத்திட்டாக இருக்கிறது. கிளினிக்கில் கெமிக்கல் பீல் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். கறுப்புத் தோலுக்கு அது ஒத்துவராது, முகம் வெந்துவிடும் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். எந்த அமிலம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு நேரம், யார் கையால் என்பதைப் பொறுத்து, இரண்டில் ஏதேனும் ஒன்று உங்கள் முகத்தில் நடக்கக்கூடும்.

மயிர்க்காலின் வாயில் இறந்த செல்கள் உதிராமல் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து அடைத்துக்கொள்வதிலிருந்துதான் பரு தொடங்குகிறது. அமிலக் கரைசலைக் குறிப்பிட்ட நேரம் தடவி வைத்து, அந்தச் செல்களைப் பிணைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்தி உதிரச் செய்வதே பீல். அடைப்பு இளகுவதால் புதுப் பருக்கள் குறைகின்றன. மேலடுக்கில் தேங்கிய நிறமியும் செல்களோடு சேர்ந்து உதிர்வதால் கறை மங்குகிறது. ஒரே சிகிச்சையில் இரண்டு பயன் கிடைப்பதால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

சிக்கலும் அதே நிறமியிடத்தில்தான் இருக்கிறது. நிறமி தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கையில் கறுப்பு நிறத்தவருக்கும் வெள்ளை நிறத்தவருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. அந்தச் செல்கள் உண்டாக்கும் மெலனின் துகள்கள் கறுத்த தோலில் பெரியவையாக, தனித்தனியே பரவி இருக்கின்றன; சிறு எரிச்சல் ஏற்பட்டாலும் அந்தச் செல்கள் உடனே கூடுதலாக வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. பருவினால் வந்த அழற்சியானாலும், நகத்தால் கிள்ளியதால் வந்ததானாலும், அளவுக்கு மீறிய அமிலத்தால் வந்ததானாலும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. எனவே கறையைப் போக்க வந்த மருந்தே, கை மீறினால், முன்பிருந்ததைவிடப் பெரிய கறையை உண்டாக்கிவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வெள்ளைத் தோலில் எரிச்சல் எழுந்தால் ரத்தச் சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். கறுத்த தோலில் அது மங்கிய செம்பழுப்பாகவோ, அந்த இடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்ததுபோலவோதான் தெரிகிறது. அனுபவமில்லாதவர் அதைக் கவனிக்காமல், இன்னும் ஒரு நிமிடம் வைக்கலாம் என்று நினைத்துவிடுவார். பெரும்பாலான சேதம் அந்த ஒரு நிமிடத்தில்தான் நேர்கிறது.

அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் வகுத்த தோல் வகைப்பாட்டை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகிறதா, கறுக்கிறதா என்பதைப் பார்த்து வகுத்தது அது. பிற்காலத்தில் விரிவாக்கப்பட்ட அதன் ஆறு வகைகளில் நான்கு முதல் ஆறு வரை மாநிறமும் கறுப்பும் அடங்கும். இந்த மூன்று வகையினருக்கும் மேலடுக்கோடு நிற்கும் மெல்லிய பீல்தான் பாதுகாப்பானது. அதைவிட ஆழமானவற்றை மிகுந்த தயக்கத்தோடே அணுக வேண்டும். ஃபீனால் கொண்டு செய்யும் ஆழமான பீல் உங்கள் நிறத்துக்கு வேண்டவே வேண்டாம். அது தோலின் நிறத்தை நிரந்தரமாக வெளுக்கச் செய்யக்கூடியது, இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடியது.

வீட்டிலேயே ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல வெளிச்சத்தில் உங்கள் கறைகள் பழுப்பாகத் தெரிகின்றனவா, சாம்பல் கலந்த நீலமாகத் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். பழுப்பு என்றால் நிறமி மேலடுக்கில் இருக்கிறது; பீலுக்கு இணங்கும். நீலச் சாம்பல் என்றால் அது அடித்தோலில் இறங்கிவிட்டது. எத்தனை முறை உரித்தாலும் பெரிய மாற்றம் இராது, காலந்தான் அதை மெல்லக் கரைக்கும்.

கேள்வி: ஒரு மருத்துவர் சாலிசிலிக் அமிலம் என்கிறார், இன்னொருவர் கிளைகாலிக் என்கிறார், மூன்றாமவர் மேன்டலிக் என்கிறார். எதை நம்புவது?

பதில்: மூவரும் தவறாகச் சொல்லவில்லை. ஆனாலும் எண்ணெய் வழியும் முகத்தில் பருவும் கரும்புள்ளியும் நிறைந்திருந்தால் நான் முதலில் கையில் எடுப்பது சாலிசிலிக் அமிலத்தைத்தான். அது எண்ணெயில் கரையும்; ஆகவே மயிர்க்காலுக்குள் தேங்கிய பசையைத் தாண்டி அடைப்பு இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது. அழற்சியைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டு, ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்தல்லவா! வழக்கமான அடர்த்தி 20 முதல் 30 சதவீதம். பூசிய ஓரிரு நிமிடங்களில் கரைசலின் ஆல்கஹால் ஆவியாகி, அமிலம் வெண்மையான பொடிபோல முகத்தில் படிந்துவிடும். முகம் வெந்து வெளுத்துவிட்டது என்று கண்ணாடியைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. அது வெறும் அமிலப் படிவு, துடைத்தால் வந்துவிடும். அந்தப் படிவு உண்டான பிறகு அமிலம் மேற்கொண்டு அதிகமாக உள்ளே இறங்குவதில்லை என்பதுதான் கறுத்த தோலுக்கு இதை ஏற்றதாக ஆக்குகிறது. 1999இல் பேர்ல் கிரைம்ஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், கறுத்த தோலுடைய 25 பேருக்கு இதே அடர்த்திகளில் இரண்டு வார இடைவெளியில் ஐந்து முறை செய்து, பெரும்பாலோருக்கு நல்ல பலன் கிடைத்ததாகப் பதிவு செய்தார். சிறிய ஆய்வுதான், ஆயினும் கறுப்புத் தோலுக்குப் பீலே ஆகாது என்ற பழைய அச்சத்தை அது பெருமளவு அசைத்தது.

கிளைகாலிக் அமிலத்தின் மூலக்கூறு இவ்வகை அமிலங்களிலேயே மிகச் சிறியது. ஆகையால் வேகமாக, சில சமயம் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் உள்ளே இறங்கிவிடும். தானாக நிற்கவும் நிற்காது. சோடியம் பைகார்பனேட் கரைசலையோ நிறையத் தண்ணீரையோ கொண்டு சரியான வினாடியில் நிறுத்த வேண்டும். 20 அல்லது 30 சதவீதத்தில் தொடங்கி, முதல் முறை இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் வைக்காமல், அடுத்தடுத்த முறைகளில் படிப்படியாக ஏற்றுபவர் கையில் அது அருமையான மருந்து. முதல் நாளே 70 சதவீதத்தை எடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மேன்டலிக் அமிலத்தின் மூலக்கூறு பெரியது. மெதுவாக இறங்குவதால் எரிச்சல் குறைவு. சட்டென்று கறுத்துவிடும் தோல், மருந்து பட்டாலே எரியும் தோல் ஆகியவற்றுக்கு அதையோ, சாலிசிலிக்கோடு அது கலந்த கரைசலையோ தேர்ந்தெடுப்பது விவேகம். ஜெஸ்னர் கரைசல் என்று யாரேனும் சொன்னால், அதில் சாலிசிலிக், லாக்டிக் அமிலங்களோடு ரெசார்சினாலும் உண்டு என்பதையும், அந்த ரெசார்சினால் கறுத்த தோலில் சில சமயம் நிறமாற்றத்தை விட்டுச்செல்லும் என்பதையும் அறிந்துகொண்டு பேசுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. இன்னும் பத்து நாளில் வீட்டில் ஒரு விசேஷம். அதற்குள் ஒரு பீல் செய்துவிட்டால் முகம் தெளிந்துவிடுமா, டாக்டர்?

பதில்: செய்யாதீர்கள், அம்மா. மெல்லிய பீல் செய்தாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை வாயோரத்திலும் மூக்கோரத்திலும் செதில் செதிலாக உதிரும். உள்ளே இருந்த அடைப்புகள் வெளியே வந்து பரு கூடியதுபோலவும் தெரியலாம். எரிச்சல் கறையாக மாறுவதானால் அதுவும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் வெளிப்படும். விசேஷத்தில் எடுக்கும் படங்களில் இவையெல்லாம் விழ வேண்டுமா?

கறுத்த தோலுக்குப் பீல் செய்வதில் பாதி வேலை முன்தயாரிப்பில் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை அசெலாயிக் அமிலம், வைட்டமின் ஏ வகை மருந்தான ரெட்டினாய்டு, தேவையானால் மருத்துவர் கண்காணிப்பில் ஹைட்ரோகுவினோன் ஆகியவற்றில் ஒன்றைப் பூசி, நிறமி செல்களை முதலில் அடக்கி வைக்க வேண்டும். ரெட்டினாய்டு பூசுபவர்கள் பீலுக்குச் சில நாட்களுக்கு முன்பே, கறுத்த தோலென்றால் ஒரு வாரம் முன்பே, அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அமிலம் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போய்விடும். அந்த வாரத்தில் திரெடிங், வாக்சிங், பிளீச், ஸ்க்ரப் எதுவும் கூடாது. சன்ஸ்கிரீனை முதல் நாளிலிருந்தே பழக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே கறுத்த தோலில் கறையைக் கூட்டக்கூடியது. அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதையும் ஓரளவு தடுக்கும்.

உங்கள் மகளிடம் கோபப்படாமல் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: சிவப்பழகு தரும் என்று சொல்லி ஏதேனும் கிரீம் பூசிக்கொண்டிருக்கிறாளா? அவற்றில் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. மாதக்கணக்கில் அவற்றைப் பூசிய முகத்தில் தோல் மெலிந்துபோயிருக்கும். வரும் பருவும் பல நேரங்களில் அந்த கிரீமால் வந்ததே. அத்தகைய முகத்தில் அமிலம் வைப்பது புண்ணில் உப்பைத் தடவுவதற்குச் சமம். முதலில் கிரீமை மருத்துவர் வழிகாட்டுதலோடு விட வேண்டும். பீலைப் பற்றிய பேச்சு அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான்.

கேள்வி: இணையத்தில் 70 சதவீத கிளைகாலிக் பீல் வாங்கி நானே முகத்தில் போட்டுக்கொண்டேன். ஐந்து நிமிடம் வைக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது நிமிடமே தாங்க முடியாமல் கழுவிவிட்டேன். கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொருக்கு கட்டியிருக்கிறது. எலுமிச்சைச் சாறு தடவலாமா?

பதில்: எலுமிச்சைச் சாறும் ஓர் அமிலம். அதைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

பொருக்கு கட்டியிருப்பதால் இதைத் தீக்காயமாகவே கருதுங்கள். அதைப் பிய்க்காமல், வாசனையில்லாத வாசலினை மெல்லிய படலமாகப் பூசி ஈரம் காயாமல் வைத்துக்கொண்டு, இந்த இதழ் கைக்கு வந்த அன்றே தோல் மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப நாட்களிலேயே அழற்சியை அடக்கினால் பின்னால் வரும் கறையைப் பெருமளவு குறைக்கலாம். அதற்காக அவர் சில நாட்களுக்கு மட்டும் மென்மையான ஸ்டீராய்டு ஒன்றைத் தரக்கூடும். அதை நீங்களாக வாங்கிப் பூசுவதும், நன்றாக இருக்கிறதே என்று தொடர்வதும் கூடாது. சீழ், பரவும் வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் காத்திருக்கவே வேண்டாம்.

உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாட்டிலில் எழுதியிருந்ததைத்தான் செய்திருக்கிறீர்கள், நல்லவேளையாக அதை மீறி முன்னதாகவே கழுவியும் விட்டீர்கள். உங்களைப் போல் பலர் காயப்பட்ட பிறகுதான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில், அதிக அடர்த்தியுள்ள பீல் கரைசல்களை மருத்துவர் மேற்பார்வையின்றி வாங்கிப் பயன்படுத்த வேண்டாமென்று பொதுமக்களை எச்சரித்தது. வீட்டில் பயன்படுத்துவதற்கு 0.5 முதல் 2 சதவீத சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷோ ஜெல்லோ போதும். அதையும் கன்னம் முழுவதும் ஆறிய பின்னரே தொடுங்கள்.

கேள்வி: பீல் செய்யும் அறையில் என்ன நடக்கும்? வலிக்குமா? என் பயம் அதுதான்.

பதில்: பொய் சொல்ல மாட்டேன், எரியும். முதலில் முகத்தைக் கழுவித் துடைத்து, எண்ணெய்ப் பசை நீங்க ஆல்கஹாலோ அசிட்டோனோ நனைத்த துணியால் ஒற்றியெடுப்பார்கள். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் ஆகிய மூன்று இடங்களிலும் அமிலம் வழிந்து தேங்கும் என்பதால் அங்கே வாசலின் தடவுவார்கள். இதைச் செய்யாமல் பிரஷ்ஷை எடுத்தால் ஞாபகப்படுத்துங்கள். பிறகு நெற்றியில் தொடங்கி, கன்னம், தாடை என்று பூசி, வாயைச் சுற்றி மென்மையான இடத்தைக் கடைசியில் தொடுவார்கள். பூசிய அரை நிமிடத்தில் மிளகாய் பட்டதுபோல ஓர் எரிச்சல் ஏறும். சின்ன விசிறியால் முகத்துக்குக் காற்று காட்டினால் தாங்கிக்கொள்ளலாம். சாலிசிலிக்காக இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் அது தானே மரத்துப்போய்விடும். ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுவார்கள்.

ஓரிடத்தில் மட்டும் ஊசி குத்துவதுபோல எரிச்சல் ஏறிக்கொண்டே போனால் வாயைத் திறந்து சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வதற்காக யாரும் உங்களைப் பாராட்டப்போவதில்லை. முன்பின் செய்யாதவர் என்றால், முதலில் காதின் பின்புறத்தில் சிறிது தடவிச் சில நாட்கள் பார்த்துவிட்டுத் தொடங்குமாறு கேட்பதில் தவறில்லை.

கேள்வி: நான் ஆண். தாடை, கழுத்துப் பகுதியில் ஷேவிங் செய்த பிறகு பரு போலப் புடைத்துக் கறுத்துவிடுகிறது. எனக்கும் பீல் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் பரு அல்ல. சுருண்ட முடி மழித்த பிறகு வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே குத்திக்கொள்வதால் வரும் புடைப்பு அது. கிளைகாலிக், சாலிசிலிக் பீல்கள் மேலடுக்கை மெலிதாக்கி முடி வெளியே வர வழி செய்வதால் பயன் தரும். அவற்றைவிடப் பெரிய பயன், ஒட்ட மழிப்பதை விட்டுவிட்டு டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் முடி நிற்கும்படி வெட்டிக்கொள்வதில் இருக்கிறது. பீலுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களும் பிந்தைய சில நாட்களும் பிளேடு முகத்தில் படவே கூடாது.

கேள்வி: பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறேன். முடித்து ஆறு மாதம் கழித்துத்தான் பீல் செய்ய வேண்டும் என்கிறார்களே?

பதில்: அது நெடுங்காலம் நிலவிய விதி. மெல்லிய பீலுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று 2017இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டது. நடுத்தர, ஆழமான பீல்களுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் நீடிக்கிறது. ஆனாலும் மாத்திரை சாப்பிடும்போது தோல் வறண்டு, உதடு வெடித்திருக்கும். கறுத்த நிறமும் சேர்ந்துகொண்டால் நான் அவசரப்படுவதில்லை. மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது பீலுக்கு என்ன அவசரம்?

கேள்வி: பரு போய்விட்டது. கன்னத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். பீல் போட்டால் நிரம்புமா?

பதில்: மேலடுக்கை உரிக்கும் பீலால் குழி நிரம்பாது. ஊசியால் குத்தியதுபோன்ற ஒடுங்கிய, ஆழமான குழிகளுக்கு மட்டும், அடர்த்தியான டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குச்சியின் முனையால் குழிக்குள் மட்டும் தொட்டு வைக்கும் முறை உண்டு. கறுத்த தோலிலும் செய்யலாம், ஆனால் குழிக்கு வெளியே ஒரு துளி பட்டாலும் அங்கே கறை நிற்கும். கை தேர்ந்தவரைத் தேடிப் போங்கள்.

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பிணி. பரு அதிகமாகிவிட்டது. பீல் செய்யலாமா?

பதில்: சாலிசிலிக், டிரைகுளோரோ அசிட்டிக் பீல்கள் வேண்டாம், ரெட்டினாய்டு, ஹைட்ரோகுவினோன் கிரீம்களும் வேண்டாம். அசெலாயிக் அமிலத்தைப் பூசலாம். கர்ப்ப காலத்தில் முகம் எளிதில் கறுக்கும் என்பதால், கிளைகாலிக், லாக்டிக் ஆகியவை அனுமதிக்கப்பட்டவை என்றாலும், பிரசவம் வரை பொறுப்பதையே நான் சொல்வேன்.

கேள்வி: மூன்று முறை சாலிசிலிக் பீல் செய்துவிட்டேன். பெரிய மாற்றமில்லை. இன்னும் ஆறு முறைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். தொடரலாமா?

பதில்: இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நான்கு முதல் ஆறு முறை என்பது பொதுவான கணக்கு. மூன்று முறைக்குப் பிறகும் அசைவில்லையென்றால் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பீலைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். இரவில் பூசும் மருந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பருவை அடக்கும் முதன்மை மருந்துகள் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்றவையே; பீல் அவற்றுக்குத் துணை. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024இல் வெளியிட்ட முகப்பரு வழிகாட்டுதலில், பீலைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய ஆதாரம் இன்னும் இல்லையென்றே எழுதியிருக்கிறார்கள். அடித்தளத்தில் மருந்து இல்லாமல் பீலை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால், இரண்டு பீலுக்கு நடுவில் புதுப் பரு வரும். அது ஒரு புதுக் கறையை விட்டுச்செல்லும். அடுத்த பீல் அந்தக் கறையைத் துரத்திக்கொண்டிருக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று ஊகிக்கிறேன். வலியோடு புதைந்து கிடக்கும் பெரிய கட்டிகள் என்றால் பீலை விட்டுவிட்டு மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். மாதவிடாய் தவறுவதும் தாடையோரத்தில் மட்டும் பரு வருவதும் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படும்.

ஆறு முறைக்கான பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். இன்று காலை பத்து மணிக்கு ஒரே ஜன்னலருகே, ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு கன்னங்களையும் படமெடுத்து வையுங்கள். இரவு மருந்தையும் சன்ஸ்கிரீனையும் எட்டு வாரம் ஒழுங்காகப் பூசிவிட்டு, அதே ஜன்னலருகே அதே நேரத்தில் மீண்டும் எடுங்கள். இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நான்காவது பீல் வேண்டுமா என்பதை அப்போது இருவருமாக முடிவு செய்யலாம்.